பிரவீனா வீட்டு ஹால் சுவர்

என் தங்கை பிரவீனா குமாரபாளையத்தில் ஆற்றோரமாகப் புது வீடு கட்டினாள். ஊரே வந்து வாசல்படி எப்படி, பூஜை அறை எப்படி என்று பார்த்துவிட்டுப் போனது. நான் பார்த்தது ஹால் சுவரை மட்டும்தான். அந்தச் சுவரில் ஒரு டிவி தொங்கப் போகிறது. அது நான் வாங்கிக் கொடுத்ததாக இருக்க வேண்டும், அண்ணன் கதிர்வேல் வாங்கிக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பொறாமை என்பீர்கள். என் மனைவி தனப்பிரியாவும் அப்படித்தான் சொல்கிறாள். பிரவீனாவின் பழைய வீட்டை நீங்கள் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். வாசலில் காலை வைத்ததும் கண்ணில் படுவது ஃபிரிட்ஜ். அது அண்ணன் சீர். பக்கத்தில் பீரோ, அதுவும் அண்ணன் சீர். வருகிறவர்களுக்கெல்லாம் பிரவீனா அதைத் தொட்டுக் காட்டி, "பெரியண்ணன் எடுத்துக் கொடுத்ததுங்க" என்பாள். நானும் கல்யாணத்துக்குச் சீர் செய்தவன்தான். கிரைண்டர் கொடுத்தேன். அது சமையலறை மேடைக்கு அடியில் கிடக்கிறது. வீட்டுக்கு வந்தவர்களை யாராவது குனியச் சொல்லிக் கிரைண்டரைக் காட்டுவார்களா?

அவள் மகளுக்குக் காது குத்தியபோதும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டது அண்ணன்தான். நானும் தாய்மாமன்தானே, என் மடியில் என்ன முள்ளா இருக்கிறது? பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போட்டோவில் என் கை மட்டும்தான் இருக்கிறது.

புதுமனை புகுவிழாவுக்கு நாள் குறித்ததும், அண்ணி சாரதாமணி தனப்பிரியாவுக்குப் போன் செய்தார். அண்ணன் சேலத்தில் டிவி எடுத்துவிட்டாராம். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

"நாம சோபா கொடுக்கலாமுங்க" என்றாள் தனப்பிரியா.

"சோபா மேல உக்காருவாங்க. உக்காந்து யாருதப் பாப்பாங்க? அவரு டிவியப் பாப்பாங்க."

"அதுக்குன்னு ஒரு ஹால்ல ரெண்டு டிவியா மாட்டுவாங்க?"

"மாட்ட மாட்டாங்க. அதுதான் வேணும்."

அவள் என் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தாள். "பங்காளிக் காய்ச்சல்தானுங்க. மாத்திரையில எல்லாம் எறங்காது" என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள்.

சேலத்தில் அண்ணன் வாங்கிய அதே கடைக்குப் போனேன். அங்கே டிவிப் பிரிவில் இருந்தவர் பெயர் முபஷிர். அண்ணன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. எனக்கு அதுவும் பிடிக்கவில்லை.

"எங்கண்ணன் என்ன எடுத்தாரு?" என்று கேட்டேன். அந்தக் கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே அதுதான்.

"மினி எல்இடிண்ணே."

"அதவிட ஒசந்தது எது?"

முபஷிர் என்னை ஓர் இருட்டு அறைக்குள் அழைத்துப் போனார். சுவரெல்லாம் டிவி. ஒவ்வொன்றாகக் காட்டினார். சாதாரண எல்இடி என்றால் பின்னாலிருந்து ஒரே சீராக லைட் அடிக்கும், முன்னால் படம் ஓடும். கியூஎல்இடியும் அதே முறைதான், ஆனால் நடுவில் ஒரு தாள் இருப்பதால் நிறம் எடுப்பாகத் தெரியும். மினி எல்இடியில் பின்னால் ஆயிரக்கணக்கான குட்டி விளக்குகள் இருக்கும்; தேவையான இடத்தில் ஏற்றியும் இறக்கியும் கொள்ளும்; வெளிச்சம் பயங்கரமாக வரும். கடைசியாக ஓஎல்இடி.

"இதுல பின்னால லைட்டே கெடையாதுண்ணே. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கருப்புன்னா சுத்தக் கருப்பு."

அதில் ஒரு கருஞ்சிறுத்தை இருட்டிலிருந்து நடந்து வந்தது. முதலில் கண்கள் மட்டும் தெரிந்தன, பிறகு மீசை, அப்புறம்தான் உடம்பு. பக்கத்தில் அண்ணன் வாங்கிய ரகம் ஓடிக்கொண்டிருந்தது. அதிலும் அதே சிறுத்தைதான். ஆனால் அது சாம்பல் பூசிக்கொண்டு வந்தது போலத்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. மனசு குளிர்ந்துவிட்டது.

"மாட்டப்போற ஹாலு எப்பிடிண்ணே? வெளிச்சம் ஜாஸ்தி வருமா?" என்று முபஷிர் கேட்டார்.

"எல்லாரு ஊட்டு ஹாலு மாதிரிதான்."

"இல்லண்ணே, ஒங்க அண்ணன் போட்டோவெல்லாம் காட்டினாரு. ஜன்னல் எந்தப் பக்கம், வெயில் எப்ப வரும்னு சொல்லி, எது சரியா வரும்னு ரொம்ப நேரம் கேட்டுக்கிட்டிருந்தாரு."

"அவரு எப்பவும் அப்பிடித்தான். கடைக்காரங்களப் பாடாப் படுத்துவாரு. நீங்க இதக் கட்டுங்க."

அண்ணன் எடுத்ததைவிட அகலமாகவும் பார்த்துக் கட்டச் சொன்னேன்.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடவில்லை. முதலில் மல்லசமுத்திரத்துக்குக் கொண்டுவந்து என் வீட்டு ஹாலில் வைத்துப் பார்த்தேன். எனக்கு முட்டைக்கோழிப் பண்ணை. பண்ணையை ஒட்டி வீடு இருந்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களைக் கேட்டால் தெரியும். ஈ. கதவு ஒரு விரற்கடை திறந்திருந்தால் போதும், சோற்றுத் தட்டு கருத்துவிடும். அதனால் எங்கள் வீட்டில் ஜன்னல்கள் திறப்பதே இல்லை. வலை அடித்து, அதற்கு மேல் பச்சைத் துணி கட்டி, கதவு தானாகச் சாத்திக்கொள்ள ஸ்பிரிங் போட்டு வைத்திருக்கிறோம். மத்தியானத்திலும் டியூப் லைட் எரியும். அந்த ஹாலில் லைட்டை அணைத்துவிட்டு டிவியைப் போட்டேன். கருஞ்சிறுத்தை வந்தது. தனப்பிரியா கையில் கரண்டியோடு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"நெசமாவே நல்லாத்தானுங்க இருக்குது" என்றாள். அவள் வாயிலிருந்து அது வருவது லேசில்லை.

விழாவுக்கு முந்தின நாளே டிவியை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாங்கள் குமாரபாளையம் போய்விட்டோம். முறைப்படி பார்த்தால் மறுநாள் காலையில் தெருமுனைப் பிள்ளையார் கோயிலில் பிறந்த வீட்டார் எல்லோரும் கூடி, தட்டுகளை எடுத்துக்கொண்டு மேளத்தோடு வர வேண்டும். மூத்தவர் முன்னால், இளையவன் பின்னால். சீர் வாசலுக்கு வந்ததும் பிரவீனா ஆரத்தி எடுத்து உள்ளே அழைக்க வேண்டும். அந்த வரிசையில் போனால் என் டிவி இரண்டாவதாக வந்து நிற்கும். இரண்டாவதாக வரும் டிவிக்குச் சுவர் ஏது?

பிரவீனா தயங்கினாள். "நாளைக்குச் சீரோடயே வரட்டுமேண்ணா?"

"மாட்டற ஆளு நாளைக்கு லீவு கண்ணு" என்று ஒரு பொய்யைச் சொன்னேன். கையோடு அழைத்து வந்திருந்த ஆளை வைத்துச் சுவரில் துளையும் போட்டாகிவிட்டது.

பொழுது சாய்ந்திருந்தது. புது வீட்டில் பாதி லைட்டுகள் இன்னும் மாட்டவில்லை. அந்த மங்கலில் டிவியைப் போட்டதும் ஹாலே மாறிவிட்டது. பிரவீனாவின் வீட்டுக்காரர் யோகேஷ், தறிப்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

"மச்சான், தியேட்டரையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

எனக்கு வாயெல்லாம் பல். பிரவீனாவின் மகள் என் மடியில் வந்து உட்கார்ந்து சிறுத்தையை மறுபடி போடச் சொன்னாள். என் மடியில்தான். அன்று சாயங்காலம் முழுவதும் கதிர்வேல் என்ற பெயரை அந்த வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அதைவிட நல்ல சாயங்காலம் எனக்கு அண்மையில் வாய்த்ததில்லை.

மறுநாள் சூரியன் வந்தது.

யோகேஷ் காற்றுக்காகவும் வெளிச்சத்துக்காகவும் கிழக்கே ஆளுயர ஜன்னல்களாக வைத்திருந்தார். வாசலும் கிழக்கு. வாஸ்து பார்த்தவர் டிவிக்கு ஒதுக்கிக் கொடுத்த சுவர் அதற்கு நேர் எதிரே. முதல் நாள் நான் வந்தது பொழுது சாய்கிற நேரத்தில். அதற்கு முன்பு வந்தபோதெல்லாம் சுவரைப் பார்த்தேனே ஒழிய, அதற்கு எதிரே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை. ஹோமம் முடிந்து புகை கலைந்ததும் கிழக்கு வெயில் மொத்தமாக ஹாலுக்குள் இறங்கியது.

என் டிவியில் சிறுத்தை ஓடிக்கொண்டுதான் இருந்தது. கண்ணுக்குத் தெரிந்ததோ ஜன்னல், வாழைமரம், தோரணம், வருகிற போகிற சேலைகள். யோகேஷின் பெரியம்மா ராஜம்மாள் நேராக டிவி முன்னால் வந்து நின்றார். படம் பார்க்கிறார் என்று நினைத்தேன். கொண்டையில் பூவைச் சரிசெய்துகொண்டு போனார்.

"வெளிச்சத்த ஏத்தி வைக்க முடியாதுங்களா மச்சான்?" என்றார் யோகேஷ். ஏற்றித்தான் வைத்திருந்தேன். அதற்கு மேல் ஏறவில்லை.

கோழிக்கு இத்தனை நேரம் வெளிச்சம் வேண்டும், இந்த உயரத்தில் பல்பு வேண்டும் என்று பார்த்துப் பார்த்துப் பண்ணை நடத்துகிறவன் நான். அந்த எண்ணம் வந்ததும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. தெருமுனையில் மேளம் கேட்டது.

தனப்பிரியா எங்கள் தட்டுகளோடு ஏற்கெனவே கோயிலுக்குப் போயிருந்தாள். "நீங்களும் வாங்க, அண்ணனோட சேந்து வரணுமில்ல" என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். டிவியைச் சரி பார்த்துவிட்டு வருகிறேன் என்று நான் போகவில்லை. விருந்தாளிகள் பாதிப் பேர் பின்பக்கப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், மீதிப் பேர் யோகேஷோடு சீர் வருவதைப் பார்க்கத் தெருவுக்குப் போய்விட்டார்கள். பிரவீனா சமையலறையில் ஆரத்தி கரைத்துக்கொண்டிருந்தாள். ஹாலில் நான் மட்டும்தான்.

அண்ணன் உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்கப் போவது இந்தச் சுவரைத்தான். அதில் அவர் தன் முகத்தையே பார்த்துக்கொண்டு வருவதா? புது வீட்டுக்குத் திரைச்சீலை இன்னும் வரவில்லை. மரக்கதவு போட்ட ஜன்னல்கள்தான். ஒவ்வொன்றாகச் சாத்தினேன். படம் கொஞ்சம் உயிர் பெற்றது. கடைசியாக வாசல் கதவு பாக்கி. அதைச் சாத்தினால் காற்று திரும்பத் திரும்பத் தள்ளித் திறந்தது. தாழ்ப்பாள் போட்டேன்.

அப்போது பார்க்க வேண்டுமே படத்தை! கருஞ்சிறுத்தை என் வீட்டில் நடந்தது போலவே நடந்தது. எடுப்பாக இருக்கட்டும் என்று சத்தத்தையும் கூட்டிவைத்தேன். இருட்டில் நின்று பார்த்துப் பார்த்துப் பூரித்துப் போனேன். வெளியே மேளம் நெருங்கியதோ, நின்றதோ, எனக்குக் கேட்கவில்லை.

பிரவீனா ஆரத்தித் தட்டோடு வந்தவள் இருட்டில் தடுமாறினாள். "ஏனுங்கண்ணா கதவச் சாத்துனீங்க?"

"ஈ வருது கண்ணு."

"இங்க ஏதுங்கண்ணா ஈ?"

அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓடிப்போய்த் தாழ்ப்பாளை நீக்கினாள்.

வாசல்படியில், கொதிக்கிற வெயிலில், அண்ணனும் அண்ணியும் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். பின்னால் தனப்பிரியா நின்றாள், என் சீரைக் கையில் ஏந்திக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் சொந்தபந்தம் அத்தனையும். மேளக்காரர்கள் தவிலை அணைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள். எங்கள் பக்கத்தில், கூடப் பிறந்தவன் சீர் கொண்டு வருகிற நேரத்தில் வாசல் சாத்தியிருந்தது என்றால், அதைப் பேரன் பேத்தி காலம் வரைக்கும் பேசுவார்கள். யோகேஷின் முகத்தில் ஈயாடவில்லை. பிரவீனாவின் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"பொறந்தவன் வார நேரத்துல கதவச் சாத்துவாங்களா யாராச்சும்?" என்று கூட்டத்தில் ராஜம்மாள் ஆரம்பித்தார்.

அண்ணன் எனக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தார், சாத்திய ஜன்னல்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எனக்கும் அது தெரிந்தது.

"சாத்துனது நம்ம சபரிதானுங்க பெரியம்மா" என்று சிரித்தார். "கோழிப்பண்ணக்காரன். கதவு தொறந்திருந்தாலே அவனுக்குக் கை அரிக்கும். ஏண்டா சபரிநாதா, குமாரபாளையத்து ஈயெல்லாம் உன்ன என்னடா பண்ணுச்சு?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தவில் மறுபடி முழங்கியது. பிரவீனா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆரத்தி எடுத்தாள். நிமிஷத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. தங்கச்சி மானத்தைக் காப்பாற்றியதும் அவர்தான். அவர் என்னைத் திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை திருப்பிக் கேட்டு ஆறியிருப்பேன். அந்த வாய்ப்பையும் அவர் எனக்குக் கொடுக்கவில்லை.

தனப்பிரியா என்னைத் தாண்டிப் போகும்போது, "பொண்டாட்டிக்குமா கதவச் சாத்துவீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

அண்ணன் கொண்டுவந்த டிவி அட்டைப் பெட்டியோடு வந்து இறங்கியது. ஜன்னல்களையெல்லாம் யாரோ திறந்துவிட்டார்கள். வெயில் பழையபடி வந்து சுவரில் உட்கார்ந்தது. அண்ணன் என் டிவியை நிமிர்ந்து பார்த்து, "நல்ல அயிட்டந்தான்டா. என்னுது வேணா மேல ரூமுல போட்டுக்கட்டும் சாமி" என்றார். அவரே விட்டுக்கொடுத்துவிட்டார். சுவர் எனக்கே.

யோகேஷ் தர்மசங்கடமாகத் தலையைச் சொறிந்தார். ஹாலில் பட்டப்பகலில் படமே தெரியாத டிவியை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார்? மாற்றிவிடலாமா என்று மெல்ல இழுத்தார். ராஜம்மாள் பெரியம்மா விடவில்லை.

"சீரா வந்து ஏறுனத அன்னைக்கே எறக்குவாங்களா? நாலு நாளு கழிச்சு மாத்திக்கலாம்."

ஆக, அன்று முழுவதும் என் டிவி சுவரில் தொங்கியது. அதற்குக் கீழே அண்ணனின் பெட்டி பிரிக்காமல் நின்றது. வந்தவர்கள் எல்லோரும் அந்த டிவியில் தலைவாரிக்கொண்டார்கள். போட்டோக்காரர் குடும்பத்தை அதன் முன்னால் நிறுத்திவிட்டு, தன் ஃபிளாஷ் வெளிச்சமே அதில் அடிக்கிறது என்று எங்களை வேறு சுவருக்கு நகர்த்தினார்.

மத்தியானம் பந்தி முடிந்தது. நான் டிவிக்கு நேரே நாற்காலியைப் போட்டு, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பின்னால் ஜன்னலோரம் அண்ணனைச் சுற்றி ஒரு கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. பிரவீனாவின் மகள் அவர் மடியில் இருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்ப வேண்டிய தேவையே இல்லை. படம் தெரியாத அந்த டிவியில் அவர்கள் அத்தனை பேரும் பளிச்சென்று தெரிந்தார்கள்.

பிரவீனா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"பெரியண்ணன் போன மாசம் ஒரு நாளு மத்தியானம் வந்துச்சுங்கண்ணா. பூச்சு வேல நடந்துட்டு இருந்துச்சு. சிமெண்ட் மூட்டை மேல உக்காந்துட்டு, நீ எந்நேரம் கண்ணு டிவி பாப்பேன்னு கேட்டுச்சு. பகல்ல பட்டறையில பாவு நூல் போடற பொம்பளைங்க சோத்துக்கு வரும்போது அவங்களோட உக்காந்து பாப்பேன்னு சொன்னேன். ஜன்னலச் சாத்துவியான்னு கேட்டுச்சு. ஆத்துக்காத்த விட்டுட்டு எதுக்குங்கண்ணா சாத்தறேன்னு சொன்னேன்."

நான் மோரைக் குடித்தேன்.

"நீங்க கடையில என்ன கேட்டீங்க?"

தனப்பிரியா எல்லாவற்றையும் அவளிடம் ஒப்பித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

"அண்ணன் என்ன எடுத்தாருன்னு கேட்டீங்களாம். எனக்கு வாங்கறதுக்கு என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்லீங்களா? கெரைண்டர் மட்டும் என்னுங்க, தெனமும் நான் கை வைக்கறது அதுலதான். அத நான் யாருகிட்டயும் காட்டறதில்லதான். அதுக்குன்னு எனக்கு நெனப்பு இல்லீன்னு நெனச்சுட்டீங்களா?"

டம்ளரை வாங்கிக்கொண்டு எழுந்து போனாள். அவள் போவதும் டிவியில் தெரிந்தது.

நாலைந்து நாள் கழித்து டிவிகளை மாற்றிவிட்டார்கள். அண்ணனுடையது ஹாலுக்கு வந்தது. என்னுடையது மேற்கே பிரவீனாவின் படுக்கையறைக்குப் போனது. அந்த அறைக்கு ஒரே ஒரு சின்ன ஜன்னல்தான்.

ஒரு நாள் சாயங்காலம் தீவன மூட்டை இறங்கிக்கொண்டிருந்தபோது அவள் போன் செய்தாள். அவளாகவே செய்தாள்.

"சின்னண்ணா, உங்க டிவி ரூம்ல அவ்வளவு நல்லாத் தெரியுதுங்க. தறிய நிறுத்திட்டு வந்தா நானும் இவரும் அங்கதான் உக்காந்துக்கறோம். பாப்பா சிறுத்தையக் காட்டாம தூங்கறதே இல்ல. கருப்புன்னா அப்பிடி ஒரு கருப்புங்கண்ணா, எதுத்த ஊட்டு அக்காவக் கூட்டிட்டு வந்து காட்டுனேன்."

கூட்டிட்டு வந்து காட்டினாளாம். இத்தனை வருஷமாக நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான். கேட்டுக்கொண்டு, சந்தோஷம் கண்ணு என்று சொல்லி வைத்திருக்க வேண்டியதுதானே? மூட்டை எண்ணுகிற ஆள் ஏதோ கேட்டான், அவனைக் கையமர்த்தினேன்.

"ஹால்ல அண்ணனோடது எப்பிடித் தெரியுது?" என்றேன்.

தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உங்க டிவியப் பத்திச் சொல்லலாம்னுதானுங்கண்ணா கூப்புட்டேன்" என்றாள். பிறகு, சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.